மாலை போட்டவரின் ரத்தம்

செய்தித்தாளில் பல வருடங்கள் படவிளக்கம் எழுதியவள் நான். மாவட்டப் பதிப்பை நிறுத்தியபோது எனக்குக் கிடைத்த அடுத்த வேலையும் படவிளக்கம் எழுதுவதாகவே அமைந்தது. படம்தான் வேறு.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் சாலையில் ஒரு தொழிற்பேட்டை. ஒரு பக்கம் இரும்புத் தகடு வெட்டும் பட்டறை, மறு பக்கம் ஏற்றுமதி ரோஜாக்களை அட்டைப்பெட்டியில் அடுக்கும் குளிர்கூடம். நடுவில் பலகை இல்லாத எங்கள் கட்டடம். உள்ளே ஆன்டிபாடி தயாரித்தோம். ஆராய்ச்சிக்கூடங்கள் அதை வாங்கும். பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாளை எழுதுவது என் வேலை.

நாங்கள் செய்தவற்றில் அதிகம் விற்றது ஒன்று. மனிதக் கல்லீரலில் ஆல்கஹாலை உடைக்கும் என்சைம் ஒன்று உண்டு. அதைத் தனியாகப் பிரித்து ஆட்டுக்கு ஊசி போடுவார்கள். ஆட்டின் ரத்தம் அதை அந்நியப் பொருளாகக் கண்டு, அதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆன்டிபாடியை உண்டாக்கும். கழுத்து ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்து, அந்த ஆன்டிபாடியைப் பிரித்துக் குப்பியில் அடைப்பார்கள். எந்தத் திரவத்தில் அந்த என்சைம் இருந்தாலும் இது போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் படத்தில் கறுப்புக் கோடாகத் தெரியும். கம்பெனிக்குள் யாரும் அதன் முழுப் பெயரைச் சொல்வதில்லை. குடி டெஸ்ட் என்றுதான் சொன்னார்கள்.

துண்டுத்தாளில் ஒரு படம் வரும். செய்தித்தாள் போல நெட்டாகப் பத்தி பிரித்திருக்கும், பத்திக்கு ஒரு திரவம். கல்லீரல் சாறு வைத்த பத்தியில் தடித்த கோடு. பக்கத்துப் பத்தியில் நல்ல உடம்புக்காரர் ஒருவரின் ரத்தநீர். அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. அந்தக் காலி இடத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறவர்கள் எங்களை நம்பினார்கள்.

காலி இடத்துக்கு ரத்தம் கொடுத்தவர்கள் எங்கள் ஊழியர்கள். சம்மதம் கேட்டுத்தான் எடுப்பார்கள். கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களிடம் எடுப்பது என்று ஒரு வழக்கம் அங்கே உருவாகியிருந்தது. யார் தொடங்கியது என்று தெரியாது. மாலை போட்டவர் குடிக்க மாட்டார். வெளியில் ஒரு டீகூடச் சாப்பிட மாட்டார். இதைவிடச் சுத்தமான ரத்தம் எங்கே கிடைக்கும் என்பது எல்லோருடைய எண்ணமும். எனக்கும் அது சரியாகவே பட்டது.

அந்த வருடம் ஆட்டுக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர் மாலை போட்டிருந்தார். நாகரசம்பட்டிப் பக்கத்துக்காரர். வீட்டார் எல்லோரும் மாந்தோப்புகளில் கூலி வேலை செய்தவர்கள். இவர் மனைவியோடு தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டில் குடியிருந்தார். குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு ஆடு பிடிக்கப் போனால் கன்னடத்தில் ஆரம்பித்துத் தெலுங்கில் விலை பேசித் தமிழில் முடிப்பார். மாலை போட்டவரைப் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. ஆகவே கார்த்திகை முதல் அவர் எல்லோருக்கும் சாமி.

மற்ற மாதங்களில் நன்றாகக் குடிப்பவர். மாலை போட்டிருக்கும் நாட்களில் தொட மாட்டார். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்றே ஆரம்பித்துவிடுவார். இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கொட்டகைக்குள் ரப்பர் பூட்ஸ் போட்டுத்தான் போக வேண்டும். மாலை போட்டவர் செருப்பு அணியக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். வாசலில் ஒரு தட்டில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்து வைத்திருப்பார்கள். அதில் பாதங்களை நனைத்துக்கொண்டு அவர் வெறுங்காலோடு போகலாம். ஊதா நிறக் காலடிகள் தட்டிலிருந்து கிளம்பி, சிமென்ட் தரையில் வெளிறிப் பழுப்பாகி, கொட்டகையின் நடுவில் நின்றுவிடும். அவர் இல்லாத நேரத்தில் அங்கே போனால், யாரோ நடந்து வந்து பாதி வழியில் இல்லாமல் போனது போல இருக்கும்.

ஊசி போட்ட ஆடுகள் பார்வைக்கு மற்ற ஆடுகள்தான். ஆனால் இவற்றின் ரத்தத்துக்கு மனிதக் கல்லீரலின் ஒரு துணுக்கை அடையாளம் தெரியும் என்ற நினைப்போடு அவற்றின் முன் நிற்பது வேறு விஷயம். அந்நிய ஆள் நுழைந்தால் எல்லாம் மெல்லுவதை நிறுத்திவிட்டு ஒன்றாகத் திரும்பிப் பார்க்கும். கிடைவாக்கில் கீறியது போன்ற கண்மணிகள். சாமி நுழைந்தால் மட்டும் மென்றுகொண்டே இருக்கும்.

குடி டெஸ்டுக்காக அந்த வருடம் புதிதாக எடுத்த ஆன்டிபாடியைச் சோதித்த அன்று நான் பரிசோதனை அறையில் இருந்தேன். எங்கள் ஆராய்ச்சித் தலைவி மைசூர்ப் பக்கத்தவர். டாக்டர் மேடம் என்று அழைப்போம். ஈரமான வெள்ளைத் தாள் போன்ற சவ்வை இருட்டுப் பெட்டிக்குள் வைத்தார். உள்ளே கேமரா இருக்கும். ஒளி சேரச் சேரத் திரையில் படம் எழும்பும். முதலில் கல்லீரல் சாற்றின் கோடு வந்தது. அது எப்போதும் வருவது. பிறகு, ஒன்றும் வரக் கூடாத பத்தியில், தண்ணீருக்கடியில் முடி ஒன்று கிடப்பது போல ஏதோ தெரிந்தது. அது மெல்லக் கறுத்தது.

"இது யாரோடது?" என்றார் டாக்டர் மேடம். குப்பியின் எண்ணைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். "கொட்டகை சாமி. ஹௌதா, அவர்தானே?"

இரண்டு நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கோடு இன்னும் தடித்திருந்தது.

ஒரு சிறிய கம்பெனியில் இப்படிப்பட்ட செய்தி சுவர் தாண்ட அதிக நேரம் ஆகாது. மறுநாள் சாப்பாட்டு வேளையில் பேக்கிங் பிரிவில் இருந்த ஒருவர் ஆரம்பித்தார். அவர் லைன் வீட்டில் சாமிக்கு அடுத்த வாசல்.

"என்னா சாமி, நீங்க தழை ஒடிச்சுப் போட்டு வளத்த ஆடே உங்களக் காட்டிக் குடுத்துருச்சாமே?"

சாமி வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து கேரியரைத் திறந்துகொண்டிருந்தார். மனைவி குளித்துவிட்டுச் சமைத்துக் கொண்டுவரும் சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் அவர் தொடுவதில்லை.

"என்னா சாமி சொல்றீங்க?" என்றார்.

"போன வருசத்து அரவணப் பாயச டப்பாவுல மிச்சம் இருந்துச்சோ என்னமோ. புளிச்சிருக்கும். பாத்துச் சாப்புடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சாமியும் கொஞ்சம் சிரித்தார். "மாலை போட்டவங்ககிட்ட வெளயாடாதீங்க. வாயில புண்ணு வரும்."

"எனக்கு வந்தா புண்ணுதான் சாமி. உங்களுக்குக் கோடு வந்துருச்சே."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. சாமி கேரியரை மூடி வைத்தார்.

அன்று சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றார். செய்தித்தாளிலிருந்து வந்தவள் என்பதால் எனக்கு அங்கே பேப்பர் மேடம் என்று பெயர்.

"பேப்பர் மேடம், நெசமாவே கோடு வந்துச்சா?"

"வந்துச்சு சாமி. நானே பாத்தேன்."

"டெஸ்டு தப்பாப் போவுமா?"

"போகலாம். ஆனா ரெண்டு தடவை எடுத்தாங்க."

"ரெண்டு தடவையும் வந்துச்சா?"

"ஆமா."

அவர் வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். வாதாடவில்லை. கதவின் கீலைப் பார்த்தபடி, அளந்து அளந்து பேசினார்.

"நான் குடிக்கல மேடம். மாலை மேல சத்தியமா. ஆனா ஆடு எதுக்குப் பொய் சொல்லப் போவுது? அதுக்கு என்னா தெரியும்? கொஞ்ச நாளாவே எனக்குச் சந்தேகம்தான். விடியக்காலம் எந்திரிச்சா தல சுத்துது. வாயெல்லாம் கசப்பு. கொமட்டிக்கிட்டு வருது. முன்ன குடிச்ச காலத்துல மறுநா காத்தால எப்புடி இருக்குமோ, அப்புடியே இருக்குது."

"உடம்பு சரியில்லாம இருக்கும் சாமி."

"நான் தூங்குறப்ப எவனோ எந்திரிச்சுப் போறான் மேடம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போய்க் குடிச்சிட்டு வந்து எனக்குள்ளயே படுத்துக்கறான்."

நாற்காலியைக் காட்டினேன். உட்காராமலே தொடர்ந்தார்.

"வாசப்படியில விபூதி தூவிட்டுப் படுத்தேன். காத்தால காலடி இருந்துச்சு. என் காலுதான். ஆனா பச்சத்தண்ணி ஊத்திக்க இருட்டோட எந்திரிக்கறேன் இல்லீங்களா? அப்ப வெச்சதா, அதுக்கு முன்னால வெச்சதான்னு தெரியல."

இந்தச் சேதி குருசாமி காதுக்குப் போனால் இருமுடி கட்ட மாட்டார் என்றும் சொன்னார். அதைச் சொன்னபோதுதான் அவர் குரல் உடைந்தது. மற்றதையெல்லாம் வேறு யாரையோ பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார். நிருபர்களோடு காவல் நிலையங்களுக்குப் போன நாட்களில் பொய் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்யாததை ஒப்புக்கொள்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் தனக்கு எதிராகத் தானே இவ்வளவு நிதானமாகச் சாட்சி சேகரிக்கும் ஆளை அதுவரை பார்த்ததில்லை.

அடுத்த வாரம் துண்டுத்தாளுக்கான படம் என் மேசைக்கு வந்தது. காலி இடம் காலியாகவே இருந்தது. மாலை போட்ட இன்னொருவரின் ரத்தம் என்று பிறகு தெரிந்தது. ஆனால் படத்தின் வலது ஓரம் இடது ஓரத்தைவிடக் குறுகலாக இருந்தது. வெட்டிய படம் எனக்குத் தெரியும். எடுத்துக்கொண்டு டாக்டர் மேடத்திடம் போனேன்.

"இந்தப் பக்கம் இருந்தது சாமியோட பத்தியா?"

"ஆமா. அது வேண்டாம். ஆன்டிபாடி வேற எதையோ தப்பாப் பிடிச்சிருக்கு."

"எதை?"

"கண்டுபிடிக்க டைம் இல்ல. ஆர்டர் நிக்குது."

"தப்பாப் பிடிக்காம, அந்த என்சைமையே பிடிச்சிருந்தா?"

"ரத்தத்துல அது இருக்கக் கூடாதும்மா. அதுக்குத்தானே காலியா வரணும்னு சொல்றேன்."

"குடிச்சா ரத்தத்துல வருமா மேடம்? வெளியில எல்லாரும் அப்படித்தான் பேசறாங்க."

"சும்னே பேசறாங்க. குடிச்சதால மட்டும் எப்படி வரும்? அது குடிக்கறவங்க, குடிக்காதவங்க எல்லார் லிவர்லயும் இருக்கு. எனக்கு இருக்கு, உங்களுக்கு இருக்கு. லிவர் செல்லுக்குள்ளயே இருக்கும். ரத்தத்துக்கு வரணும்னா செல்லு உடைஞ்சு…"

அங்கே நிறுத்தினார். கையில் இருந்த பேனாவை மூடினார். அவருக்கு இது புதிய அறிவு அல்ல. இத்தனை நாளும் தெரிந்ததுதான். ஆனால் அவர் பார்த்தது ஆன்டிபாடியின் குறையை. மற்றவர்கள் பார்த்தது ஒரு மனிதனின் குற்றத்தை. கோடு சொன்னதை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

இருவரும் கொட்டகைக்குப் போனோம். பூச்சி வராமல் இருக்க அங்கே மஞ்சள் பல்பு போட்டிருப்பார்கள். அதன் கீழ் எல்லோர் கண்ணும் மஞ்சள்தான். சாமி தீவனத்தொட்டி ஓரம் குந்தியிருந்தார். ஆடுகள் மெல்லவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அவை அவரை அப்படிப் பார்த்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தீனி போட நேரமாகியிருக்கலாம்.

"வெளிய வாங்க சாமி" என்றார் டாக்டர் மேடம்.

வெயிலில் அவர் முகத்தைப் பார்த்தோம். கண்ணின் வெள்ளை, பழுத்த எலுமிச்சைத் தோல் நிறத்தில் இருந்தது. நெற்றிச் சந்தனமும் கறுப்பு வேட்டியும் தாடியும் சேர்ந்து எங்களை அதுவரை ஏமாற்றியிருந்தன.

ஆஸ்பத்திரி என்றதும் அவர் பின்வாங்கினார். "மாலையோட போனா, குடிச்சு வந்த காமாலைன்னு சொல்லுவாங்க மேடம். செத்தாலும் பரவால்ல, அந்தப் பேரு வேணாம்."

"நீங்க குடிக்கல சாமி. கோடு அதைச் சொல்லவே இல்ல" என்று டாக்டர் மேடம் சொல்லிப் பார்த்தார். சாமி தலையை ஆட்டினார். கேட்டதற்கு அடையாளமாக மட்டும். பிறகு குழாயடிக்குப் போய்க் கால் கழுவ ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில் அவர் மனைவி கேரியரோடு கேட்டுக்குள் வந்தாள். டாக்டர் மேடம் அவளை வழியிலேயே நிறுத்தி, கணவரின் ஈரல் கெட்டுப்போகிறது, உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார்.

"குடிச்சா ஈரல் போவாம என்னா பண்ணும்?" அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முன்னால் வந்தது. "மாலையப் போட்டுக்கிட்டே குடிக்கற மனுசன எங்கனா பாத்துருக்கீங்களா?"

"அவர் குடிக்கலம்மா."

"பக்கத்து வூட்டு அண்ணன் வந்து சொன்னாரே, கோடு வந்துருச்சுன்னு?"

"கோடு குடிச்சதுக்கு வரல. ஈரல் உடையறதால வந்திருக்கு."

அவள் டாக்டர் மேடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு குழாயடியில் குனிந்திருந்த கணவனின் முதுகைப் பார்த்தாள்.

"அப்ப நான் எதுக்கு ரெண்டு பங்காப் போட்டேன்?" என்றாள்.

எங்களைக் கேட்டது போல இல்லை.

"என்ன போட்டீங்க?" என்று நான் கேட்டேன்.

இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். அதற்குள் ஒரு காகிதப் பொட்டலம். சாம்பல் நிறப் பொடி, வாசனை எதுவும் இல்லை. குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கச் செய்யும் மருந்து என்று வரி விளம்பரம் வரும். எத்தனையோ முறை அதை நான் பிழை திருத்தியிருக்கிறேன். வாங்கியவரின் கையில் அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மலையிலிருந்து வந்து மறுபடி குடிக்கக் கூடாதே என்று மாலை போட்ட நாளிலிருந்து சோற்றில் கலந்திருக்கிறாள். மற்ற மாதங்களில் அவர் பாதி நாள் ஓட்டலில் சாப்பிடுவார். விரதத்தில் மட்டும்தான் ஒவ்வொரு கவளமும் அவள் கையிலிருந்து போகும். அதனால்தான் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். கோடு வந்த சேதி கேட்ட பிறகு அளவை இரட்டிப்பாக்கியிருக்கிறாள்.

டாக்டர் மேடம் அவள் கையிலிருந்து கேரியரை வாங்கிக்கொண்டார். அது இன்னும் சூடாக இருந்தது.

"அவருகிட்டச் சொல்லிராதீங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நானே சொல்றேன்" என்றாள்.

நான் குருசாமிக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, போனைச் சாமியிடம் கொடுக்கச் சொன்னார். "மாலையோடவே போங்க சாமி. ஆஸ்பத்திரியில ஒரு தோஷமும் இல்ல" என்று அவர் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. அதன் பிறகுதான் சாமி வண்டியில் ஏறினார்.

பல நாள் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் எழுந்து உட்காரும் நிலைக்கு வந்தபோது, அவள் சொன்னாள். நான் அப்போது கூட இருந்தேன். பொடி வாங்கிய இடம், கலந்த விதம், இரட்டிப்பாக்கிய நாள், எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்னக் காப்பாத்தறதுக்கு இவ பழியத் தன் மேல போட்டுக்கறா மேடம். என்னா மனசு பாத்தீங்களா?"

ஆஸ்பத்திரி டாக்டரும் பொடிதான் காரணம் என்றார். டாக்டர் மேடம் வந்து படம் வரைந்து காட்டினார். எல்லோருக்கும் சாமி நன்றி சொன்னார். அந்த வருடம் அவர் மலைக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று கேட்கவும் இல்லை.

பொங்கல் கழிந்து வேலைக்குத் திரும்பினார். தாடி இல்லாத முகம் சிறியதாகத் தெரிந்தது. பேக்கிங்காரர் இளநீர் வாங்கி வந்து வெட்டிக் கொடுத்தார். கேலி எதுவும் பேசவில்லை. டாக்டர் மேடம் அவர் ரத்தத்தை மறுபடி சோதித்துத் திரையை அவருக்கே காட்டினார். அவருடைய பத்தியில் ஒன்றும் இல்லை. பொடி நின்றது, ஈரல் தேறியது, என்சைம் வெளியே வரவில்லை. இதைவிடத் தெளிவாக எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

அவர் வெறும் வெள்ளையை வெகு நேரம் பார்த்தார்.

"போயிட்டானா மேடம்," என்றார், "இல்ல, இப்ப ஒளிஞ்சுக்கத் தெரிஞ்சுகிட்டானா?"

டாக்டர் மேடம் திரையை அணைத்தார்.

அவர் மனைவி இப்போதும் மத்தியானம் கேரியர் கொண்டுவருகிறாள். ஒருநாள் கேட்டருகே என்னோடு நின்று பேசினாள்.

"நம்பவே மாட்டேங்கறாரு மேடம். நம்புனா நாலு அறை அறைஞ்சிருப்பாரு. நானும் அழுதுட்டு நிம்மதியாத் தூங்கியிருப்பேன். இவரு என்னடான்னா, படுக்கறதுக்கு முன்னால எங்கிட்டக் கதவுப் பூட்டுச் சாவியக் குடுத்து, ஒளிச்சு வெச்சுக்கோ, நான் கேட்டாலும் குடுக்காதங்கறாரு."

"குடிக்கறாரா?"

"சொட்டு இல்ல. இனிமே தொடவும் மாட்டாரு. எனக்கு வேண்டியது கெடச்சிருச்சு மேடம்." அவள் அதைச் சொன்ன விதத்தில் சந்தோஷம் இல்லை.

வேப்பமரத்தடியில் அவர் கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் பார்த்தோம். என்ன குழம்பு என்றுகூட அவர் பார்க்கவில்லை. சோற்றில் கை வைப்பதற்கு முன், உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்து ஊதி, தன் மூச்சை முகர்ந்து பார்த்தார். பிறகு அவள் கொடுத்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.